‘கதவு ஒழுங்காக மூடுகிறது’ என்றொரு புகார்

இந்த வீட்டில் இனிமேல் என் மனைவி ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்று ஒரு சாயங்காலம், கார் ஸ்டியரிங்கின் மேல் கை வைத்துச் சபதம் எடுத்தேன். சபதம் எடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. நிறைவேற்றுவதில்தான் பயிற்சி போதாது.

பொத்தான் எங்கள் கராஜின் உள்சுவரில் இருக்கிறது. அதை அழுத்தினால் கூரையில் தொங்கும் மோட்டார் உறுமும். சங்கிலி கடகடவென்று ஓடும். கதவு ஏறும், அல்லது இறங்கும். காரில் இருந்தபடியே ரிமோட்டிலும் இதைச் செய்யலாம். செய்துகொண்டும் இருந்தேன். கொஞ்ச மாதங்களாக அதற்குச் சாயங்காலக் கிறுக்கு பிடித்துவிட்டது.

காலையில் நான் வேலை முடிந்து வந்து ரிமோட்டை அமுக்கினால் சமர்த்தாக மூடும். சாயங்காலம் கிளம்பும்போது மட்டும் ஒரு சாண் இறங்கும். எதையோ மறந்துவிட்டு வந்த ஆள் மாதிரி நிற்கும். மோட்டாரில் விளக்கு சிமிட்டும். மறுபடி மேலே ஏறிவிடும்.

அதற்கு வைத்தியம் ஒன்றுதான். சுவர்ப் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை எடுத்தால் போச்சு. நானோ வெளியே காரில். ஆகவே ஹாரன் அடிப்பேன். மனைவி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடி வருவாள். பொத்தானைப் பிடிப்பாள். கதவு இறங்கும். முதலில் அவள் தலை மறையும். உடனே குனிவாள்.

“சாப்பாட்டு டப்பா எடுத்தாச்சா?”

“எடுத்தாச்சு.”

கதவு இன்னும் இறங்கும். அவள் இன்னும் குனிவாள்.

“மஃப்ளர்?”

“கழுத்துல இருக்கு.”

“இருந்தாப் போதாது. சுத்திக்கணும்.”

பிறகு முழங்கால். பிறகு இரண்டு பாதங்கள். கடைசியில் வலது கால் கட்டைவிரல் மட்டும் ஒரு தடவை மேலும் கீழும் ஆடும். ‘போயிட்டு வாங்க’ என்று அர்த்தம். அதோடு கதவு தரையைத் தொட்டுவிடும்.

பாவம் என்று நினைத்தேன். அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. நாள் பூராவும் நின்றுகொண்டு, ஊரில் இருக்கிற கோணல் காதுகளுக்கெல்லாம் சட்டத்தை வளைத்து நிமிர்த்திக் கொடுப்பாள். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்காக உடம்பை வளைத்து நிமிர்த்த வேண்டுமா?

நான் செய்வது குளிர்பதனக் கிடங்கில் இரவு வேலை. மலை மலையாகப் பட்டாணி, சோளம், மீன். எல்லாம் உறைந்திருக்கிறதா என்று வெப்பமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பட்டாணி உறையவேண்டும், நான் உறையக் கூடாது, அதுதான் ஒப்பந்தம். படிப்பு எனக்குப் பாதியில் நின்றது. மீதியை அங்கே உட்கார்ந்து நானே படித்துக்கொண்டேன். மோட்டார், நட்சத்திரம், வயிற்றுப்புண் என்று கிடைத்ததையெல்லாம். அதனால் எனக்கு எல்லாவற்றிலும் பாதி தெரியும். என் மனைவிக்கு என்னைப் பற்றி மட்டும்தான் தெரியும். ஆனால் முழுசாகத் தெரியும். எங்கள் சண்டைகள் சமமாக முடியாததற்கு இதுதான் காரணம்.

மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து வீட்டில் நாங்கள் இரண்டு பேர். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு பேராக இருப்பது அபூர்வம். நான் காலையில் வந்து படுக்கும்போது அவள் வேலைக்குக் கிளம்பியிருப்பாள். தலையணையில் அவள் தலை வைத்த பள்ளம் இருக்கும். அதில் என் தலையை வைத்துக்கொள்வேன். சாயங்காலம் அவள் வருவாள், நான் கிளம்புவேன்.

“மோட்டாரை மாத்தப்போறேன்” என்றேன்.

“எந்த மோட்டாரை?”

“கதவு மோட்டாரை.”

“அது என்ன பண்ணிச்சு உங்களை?”

“என்னை ஒண்ணும் பண்ணலை. உன்னைத்தான் பாடாப் படுத்துது.”

“நான் சொன்னேனா?”

“நீ சொல்லமாட்டே. பொறுமைசாலி.”

“யாரு, நானா?”

கல்யாணமான நாளிலிருந்து அவளை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“சிரிக்காதே. நான் ஆராய்ச்சி பண்ணிட்டேன். கதவுக்குக் கீழ ரெண்டு பக்கமும் ரெண்டு கண்ணு இருக்கு, பாத்திருக்கியா?”

“எங்கே? நான் எங்கே அதையெல்லாம் பாத்தேன்!”

“ஒண்ணு ஒளி அனுப்பும். இன்னொண்ணு வாங்கிக்கும். நடுவுல பூனையோ பிள்ளையோ நின்னா ஒளி அறுந்துபோகும். கதவு இறங்காது. பாதுகாப்பு! இப்ப என்னாச்சுன்னா, சாயங்கால வெயில் நேரா அந்தக் கண்ணுல விழுது. அது குழம்பிப்போகுது.”

“நேத்து மழை பெஞ்சுதே?”

“மழைக்குப் பின்னாலயும் வெயில் இருக்கும்.”

“ஓ.”

“அதுவும் தவிர, மோட்டாருக்கு வயசாயிடுச்சு. சாயங்காலமானா அசந்துபோகுது.”

“வயசானதையெல்லாம் மாத்தணும்னா நான் எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?” என்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

வேண்டாம் என்பதற்கு அன்று அவள் சொன்ன காரணங்கள் பல. பழைய மோட்டார் ராசியானது. புதுசு வந்தால் கதவுக்கு ஒத்துக்காது. அடுத்த மாதம் மகள் வருகிறாள். குனிவது இடுப்புக்கு நல்லது. ஒவ்வொன்றையும் நான் முறியடித்தேன். ஒரு வாதத்தில் நான் ஜெயித்துக்கொண்டே போகிறேன் என்றால் எங்கேயோ தப்பு நடக்கிறது என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைவதைப் பார்ப்பதுதானே என் வேலை.

கடைசியில், “சரி, நானும் கடைக்கு வரேன்” என்றாள்.

அந்தக் கடையில் வரிசையாகக் கதவுகள். எதைத் திறந்தாலும் பின்னால் சுவர். கடைக்காரரே வந்து மாட்டியும் கொடுப்பார் என்பதால் அவரைக் கதவுக்காரர் என்றே வைத்துக்கொள்வோம். மூச்சு விடாமல் பேசுகிற மனிதர்.

“சங்கிலியா, பெல்ட்டா சார்? சங்கிலி நல்லா உழைக்கும், ஆனா ஊரைக் கூட்டும். பெல்ட்டு வாயே திறக்காது.”

“இவர் பகல்ல தூங்குறவர்” என்றாள் மனைவி.

“அப்ப பெல்ட்டு. கதவு ஒத்தையா ரெட்டையா? மரமா தகரமா? கரண்ட்டு போனாலும் இயங்கணுமா? பேட்டரி வச்சது இருக்கு. இதைப் பாருங்க சார், நேத்துதான் வந்துது. எல்லாமே போன்ல! நீங்க வேலை பாக்குற இடத்துல உக்காந்துக்கிட்டே வீட்டுக் கதவு மூடியிருக்கான்னு பாக்கலாம். மூடலைன்னா அங்கேருந்தே மூடலாம்.”

எனக்கு வாய் ஊறியது. பட்டாணியோடு பட்டாணியாக என் வீட்டுக் கதவையும் ராத்திரி பூரா கண்காணிக்கலாம்!

“இதுல சுவத்துப் பொத்தான் எங்க இருக்கு?” என்றாள் மனைவி.

“இதுல பொத்தானே கிடையாது மேடம். தேவையே இல்லை.”

“வேணாம்.”

“மேடம், இதுதான் இப்ப எல்லாரும்...”

“பொத்தான் இருக்கிறது எது?”

அவர் மனசில்லாமல் பக்கத்து மோட்டாரைக் காட்டினார்.

“இதுல கண்ணு இருக்கா?”

“இருக்கு மேடம்.”

“அந்தக் கண்ணு கெட்டுப்போச்சுன்னா?”

“கெடாது மேடம்.”

“கெட்டுப்போச்சுன்னு வச்சுக்கோங்க.”

“அப்ப சுவத்துப் பொத்தானை அழுத்திப் பிடிச்சா மூடிடும்.”

“விடாமப் பிடிக்கணும், இல்ல?”

“ஆமா.”

“கையை எடுத்தா?”

“ஏறிடும்.”

“இதையே மாட்டுங்க.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்ன முன்யோசனை! இந்தப் பெண்ணை நான் இத்தனை நாள் குறைத்து எடை போட்டுவிட்டேனே என்று வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது நெகிழ்ந்துபோனேன். அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

அடுத்த நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு விடுமுறை. மனைவி வீட்டில் இருந்தாள். கதவுக்காரர் ஏணியோடு வந்தார். பழைய மோட்டாரை இறக்கினார். புதுசை மாட்டினார். கீழே புதுக் கண்கள் இரண்டையும் வைத்து மரையை முறுக்கினார்.

“ரெண்டு கண்ணும் ஒண்ணையொண்ணு நேராப் பாத்துக்கணும் சார். பாத்துக்கிட்டா இந்தப் பச்சை விளக்கு எரியும். கதவு மூடும். கொஞ்சம் பார்வை விலகினாலும் விளக்கு அணைஞ்சுடும். கதவு மூடாது. நான் நல்லா இறுக்கிட்டேன். அசையாது.”

“ரொம்ப இறுக்கிட்டீங்களா?” என்றாள் மனைவி.

“கவலையே படாதீங்க மேடம்.”

போகும்போது, “இந்தப் பழசை நான் எடுத்துக்கலாமா சார்?” என்று கேட்டார்.

“செத்ததை எடுத்துட்டுப்போய் என்ன பண்ணப்போறீங்க?”

“சாகலை சார். இதுக்கு ஒண்ணுமே ஆகலை.”

நான் சிரித்தேன். பழசின் மேல் ஆசை வைப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். மனைவி சிரிக்கவில்லை. அவர் அதைத் தூக்கிக்கொண்டு போவதை வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

அன்று சாயங்காலம் காரை வெளியே எடுத்தேன். ரிமோட்டை அமுக்கினேன். சத்தமே இல்லை. பூனை இறங்குவது மாதிரி கதவு இறங்கியது. உள்ளே பழைய அலமாரி தெரிந்தது, பெயின்ட் டப்பா தெரிந்தது, துடைப்பம் தெரிந்தது. அப்புறம் அதுவும் தெரியவில்லை. மூடிவிட்டது.

நான் கிளம்பவில்லை. ஏதோ பாக்கி இருப்பது மாதிரி இருந்தது. டப்பா இருந்தது. மஃப்ளர் இருந்தது. நானாகவே சுற்றிக்கொண்டேன். ஹாரன் மேல் கை போயிற்று. எதற்கு அடிப்பது? ‘கதவு மூடிவிட்டது, சீக்கிரம் வா’ என்றா?

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். இத்தனை வருஷம் என்னோடு ஒத்துப்போன பட்டாணி மூட்டைகள் திடீரென்று முகம் இல்லாதவையாகத் தெரிந்தன. ஒரு மனுஷனின் சந்தோஷம் இன்னொருத்தியின் கால் கட்டைவிரலில் இருக்கும் என்று நான் படித்த எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்கவில்லை.

அவளிடம் சொல்லியிருக்கலாம். என்னவென்று சொல்வது? ‘உன்னைக் குனிய வைக்கக் கூடாது என்று பெரிய தியாகி மாதிரி மோட்டார் வாங்கினேன், இப்போது நீ குனியவில்லை என்று ஏக்கமாக இருக்கிறது’ என்றா? வாழ்நாள் முழுக்க வைத்துச் சிரிப்பாள். மகளுக்குப் போன் போட்டும் சிரிப்பாள்.

ஆகவே நான் ஒரு திட்டம் போட்டேன்.

மத்தியானம் தூக்கத்தை விட்டு எழுந்தேன். கராஜுக்குப் போனேன். சமையலறை வாசலை ஒட்டி இருக்கிற கண்ணின் மரையைத் தளர்த்தினேன். விரலாலேயே தளர்ந்தது, இறுக்கிவிட்டேன் என்று அந்த ஆள் அளந்த அளப்பு என்ன! கண்ணை ரோட்டுப் பக்கம் கொஞ்சமாகத் திருப்பினேன். பச்சை விளக்கு அணைந்தது. ரிமோட்டை அமுக்கினேன். கதவு ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறியது. கையைத் தட்டிக்கொள்ளாத குறை. ஒன்றும் தெரியாதவன் மாதிரி போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் டப்பாவோடு கிளம்பினேன். முகத்தில் எரிச்சலைத் தயாராக வைத்துக்கொண்டேன். ‘சே, புதுசும் இப்படியா!’ என்ற வசனமும் தயார். காரை வெளியே எடுத்தேன். ரிமோட்டை அமுக்கினேன்.

கதவு அழகாக இறங்கியது.

இறங்கும்போது பார்த்தேன். சமையலறை வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கை பொத்தானை நோக்கிப் பாதி தூக்கியபடி. முகத்தில் ஓர் ஏமாற்றம். அந்த ஏமாற்றத்தை எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்று யோசித்தேன். காரின் கண்ணாடியில் பார்த்தேன், அங்கே இருந்தது.

அடுத்த நாள் மறுபடி திருப்பினேன். மறுபடி சாயங்காலம் கதவு ஒழுங்காக மூடியது. அதற்கடுத்த நாளும் அதே கதை. புது மோட்டார், கோணலாக இருக்கும் கண்ணைத் தானாகவே நிமிர்த்திக்கொள்கிறது என்ற முடிவுக்கு வந்தேன். கதவுக்காரருக்குப் போன் போட்டேன்.

“என்ன சார், கதவு மூடலையா?”

“மூடுது.”

“திறக்கலையா?”

“திறக்குது.”

“சத்தம் வருதா?”

“இல்லை.”

“அப்புறம் என்ன சார் கம்ப்ளெய்ன்ட்டு?”

“அதான் சொல்றேனே. கதவு ஒழுங்கா மூடுது!”

மூச்சு விடாமல் பேசுகிறவரையே நிறுத்திவிட்டேன்.

“சார், கோவிச்சுக்காதீங்க. உங்க வீட்ல ரெண்டு பேருக்கும் உடம்பு நல்லாத்தானே இருக்கு?”

“ஏன்?”

“காலையிலதான் மேடம் கடையிலேர்ந்து போன் பண்ணாங்க. இதே கம்ப்ளெய்ன்ட்டு. ‘எவ்வளவு திருப்பினாலும் ஒழுங்கா மூடுதே, என்ன மெஷின் குடுத்தீங்க’ன்னு திட்டிட்டு வச்சுட்டாங்க.”

போனை வைத்தேன். படுக்கையில் உட்கார்ந்து யோசித்தேன். ‘நேத்து மழை பெஞ்சுதே?’ ஞாபகம் வந்தது. ‘இதுக்கு ஒண்ணுமே ஆகலை’ என்று கதவுக்காரர் தூக்கிக்கொண்டு போன பழைய மோட்டார் ஞாபகம் வந்தது. ‘ரொம்ப இறுக்கிட்டீங்களா?’ ஞாபகம் வந்தது. அதிகாலை வரை நட்சத்திரங்களைப் பற்றிப் படிக்கிற மூளை, வீட்டுக்குள் இறங்க இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டது.

சரி, இன்று கையும் களவுமாகப் பிடிக்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக என் கையில் ஒரு துருப்புச் சீட்டு!

அன்று கண்ணை நான் தொடவில்லை. அவள் வருகிற நேரத்துக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டேன், நான் குளிப்பது மாதிரி. கராஜுக்கு வந்து காரின் பின்சீட்டில் குறுகிப் படுத்துக்கொண்டேன். டப்பாவை முன்சீட்டில் வைத்திருந்தேன்.

அவள் வந்தாள். சமையலறைக் கதவைத் திறந்தாள். கைப்பையிலிருந்து, மூக்குக்கண்ணாடித் திருகுகளுக்கு வைத்திருக்கும் குட்டி ஸ்குரூடிரைவரை எடுத்தாள். கண்ணுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். மரையை நெம்பினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இதோ, எழுந்து, ‘ஆஹா!’ என்று...

“கால் மரத்துப்போகும். இறங்கி வாங்க” என்றாள், திரும்பாமலேயே.

நான் அசையவில்லை.

“மஃப்ளர் ஜன்னல்ல தெரியுது.”

இறங்கினேன். கால் உண்மையாகவே மரத்துப்போயிருந்தது. நொண்டிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

“எத்தனை மாசமா நடக்குது இது?” என்றேன், விசாரணை அதிகாரி மாதிரி.

“முதல் நாள் துடைப்பம் தட்டித் தானா திரும்பிடுச்சுங்க. நிஜமா. அன்னிக்கு நீங்க ஹாரன் அடிச்சீங்க, நான் வந்து பொத்தானைப் பிடிச்சேன். அப்பதான் உங்க முகத்தைப் பாத்தேன். வெளிச்சத்துல பாத்து ரொம்ப நாளாச்சு. காதோரமெல்லாம் நரைச்சிருந்துது. எனக்குத் தெரியவே தெரியாது.” ஸ்குரூடிரைவரை உள்ளங்கையில் உருட்டினாள். “நாள் பூரா ஊர்ல இருக்கிறவங்க மூஞ்சியை அளந்து அளந்து பாக்குறேன். மறுநாள் அது தானா திரும்பலை. நான் திருப்பினேன். நீங்க போனதும் நேராக்கி வச்சுடுவேன்.”

“சொல்லியிருக்கலாமில்ல?”

“என்னன்னு? தினம் போறப்ப நின்னு மூஞ்சியைக் காட்டிட்டுப் போங்கன்னா? ரெண்டு நாள் காட்டுவீங்க. மூணாம் நாள் ‘நேரமாச்சு’ம்பீங்க. கதவு மூடலைன்னா நிப்பீங்க.”

துருப்புச் சீட்டு என் கையிலேயே வாடிப்போனது. ஏனென்றால் அவள் சொன்னது அப்படியே உண்மை. நிற்பேன். கதவுக்குத்தான் நிற்பேன்.

“சரி, நான் திருப்பினேன். நீங்க எதுக்குத் திருப்பினீங்க?”

“நானா? நான் எங்கே...”

“கதவுக்காரர் இப்பதான் போன் பண்ணிச் சொன்னார். மூச்சு விடாம.”

நான் தரையைப் பார்த்தேன். அவள் வலது கால் கட்டைவிரல் செருப்பிலிருந்து எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

“கட்டைவிரல்” என்றேன்.

“என்ன கட்டைவிரல்?”

“ஒண்ணுமில்லை.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். என் காதோரத்தில் விரலை வைத்து, கடையில் கண்ணாடிச் சட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி நரையை ஒதுக்கிவிட்டாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டாள்:

“எந்தப் பக்கமாத் திருப்பினீங்க?”

“ரோட்டுப் பக்கம்.”

“அதான்! புதுசோட மரையைத் தளர்த்தவே எனக்கு மூணு நாளாச்சு. நான் எப்பவும் வீட்டுப் பக்கம். நீங்க மத்தியானம் அப்படித் திருப்ப, நான் வந்து இப்படித் திருப்ப...”

“விளக்கைப் பாக்கலையா?”

“விளக்கைப் பாத்துக்கிட்டு நின்னா நீங்க வந்துடுவீங்களே. செருப்பு மாட்டுற மாதிரி குனிஞ்சு ஒரு தட்டு, அவ்வளவுதான்.” மரையைக் கடைசியாக ஒரு முறுக்கு முறுக்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. “இனிமே நீங்க இதுல கை வைக்காதீங்க. நான் ஒருத்தி கெடுத்தாப் போதும். ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தா அது சரியாயிடுது.”

எழுந்தாள். நீட்டிய கையைப் பிடித்துக்கொண்டு நானும் எழுந்தேன். குளியலறையில் தண்ணீர் வீணாக ஓடிக்கொண்டிருப்பதை ஞாபகப்படுத்தினாள். ஓடிப்போய் நிறுத்திவிட்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் காரை வெளியே எடுத்து ரிமோட்டை அமுக்கினேன். கதவு ஒரு சாண் இறங்கி, மறுபடி ஏறியது. இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனுஷன் ஹாரன் அடித்து அந்தத் தெரு கேட்டிருக்காது. அவள் வந்தாள். பொத்தானைப் பிடித்தாள். கதவு இறங்கியது. குனிந்தாள்.

“மஃப்ளர்?”

“சுத்தியாச்சு.”

“முதுகை நேரா வச்சு உக்காருங்க.”

“சரி.”

முழங்கால். பாதம். கட்டைவிரல் ஆடியது. மூடிவிட்டது.

நிம்மதியாக வண்டியைப் பின்னால் எடுக்கத் திரும்பினேன். பக்கத்து சீட்டு காலி. டப்பாவைக் காணோம். என் கையால் வைத்தேன்! நான் குளியலறைக்கு ஓடிய நேரத்தில்தான் போயிருக்க வேண்டும்.

ரிமோட்டை அமுக்கினேன். கதவு ஏறியது. பாதம் தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. டப்பாவைப் பிடித்த கை தெரிந்தது. கடைசியாக முகம். நின்ற இடத்தைவிட்டு அவள் நகரவே இல்லை.

இறங்கி வேகமாக நடந்தேன்.

“மெதுவா வாங்க” என்றாள். “இன்னொரு தடவை மூடணுமில்ல.”